காணக் கண் பெற்றவாறே

இடது கண்ணில் பார்வை திரும்பினால் ஏகாம்பரநாதர் சன்னதியில் நின்று சுந்தரர் பதிகம் பாடுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். ஏன் அத்தனை தூரம் போய் காஞ்சிபுரம் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போனது. திருவெண்பாக்கத்தில் அழுது கேட்டும் ஊன்றுகோல் மட்டும்தான் கிடைத்தது. இடது கண் கிடைத்தது கச்சி ஏகம்பத்தில், இதே ஏகாம்பரநாதர் சன்னதியில். அம்மாவுக்குப் போனதும் இடது கண்.

போன தை அறுவடையில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது உமித் தூசி கண்ணில் விழுந்தது. கசக்கினாள், தண்ணீர் அடித்துக் கழுவினாள், யாரோ சொன்னார்கள் என்று விளக்கெண்ணெய் விட்டாள். நாலு நாள் கழித்து எனக்குப் போன் வந்தபோது கருவிழி புண்ணாகியிருந்தது. புண் ஆறியது, ஆனால் பூ விழுந்துவிட்டது. வலது கண் நீர் அழுத்தத்தால் பல வருடம் முன்பே மங்கியது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். ஆறு மாதம் அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். அடுப்பு எரிகிறதா என்று கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தாள்.

ஆடியில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அந்த அழுகைக்கு நடுவிலும் யாரோ ஒருவர் கண் வங்கிக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறார். அது யார் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள், அது முறை. கட்டுப் பிரித்த அன்று அம்மா முதலில் பார்த்தது நர்ஸின் நெற்றிப் பொட்டு. "சிவப்பா இருக்கு" என்றாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, விழுப்புரத்தில் முதல் பஸ் பிடித்து திண்டிவனம், வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் போய் இறங்கினோம். வேண்டுதல் முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அம்மா விரதம். பையில் கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, ஒரு சுத்தமான துணி. குளத்தில் இறங்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கண்ணில் எதுவும் இடித்துவிடக்கூடாது என்று டாக்டர் பத்து தடவை சொல்லியிருந்தார். கருவிழியைச் சுற்றி மயிரிழை மாதிரி தையல்கள் இன்னும் இருக்கின்றன.

"முதல்ல அம்பாள்கிட்ட சொல்லிட்டுத்தான் ஐயன்கிட்ட போகணும்" என்றாள் அம்மா. காஞ்சியில் எந்தச் சிவன் கோயிலிலும் அம்பாளுக்குத் தனி மூலஸ்தானம் கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து காமாட்சி ஒருத்திதான். வெள்ளிக்கிழமை வேறு. வரிசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தோளில் பெரிய பையோடு நின்றவர் திரும்பும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு முழங்கை பட்டால் போதுமே! அம்மா முகத்துக்கு முன்னால் என் இரண்டு கையையும் வேலி மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். நாம் சாமி பார்க்கத்தானே வந்திருக்கிறோம், இப்படி ஒருவரை ஒருவர் நசுக்கிக்கொண்டு யாரிடம் போய் அருள் கேட்பது?

அப்போது பின்னால் இருந்த சிவப்புப் புடவைக்காரம்மா, மேல்மருவத்தூர் போகும் வழியில் வந்தவர், "என்னம்மா, கண் ஆபரேஷனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே தன்னோடு வந்திருந்த நாலைந்து பெண்களைக் கூப்பிட்டார். எல்லோரும் கை கோத்து எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "தள்ளாதீங்க, தள்ளாதீங்க, கண் ஆபரேஷன் பண்ணவங்க" என்று சொல்லிக்கொண்டே சன்னதிவரை அப்படியே கொண்டுவந்து விட்டார்கள். அந்த அம்மாவின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. காமாட்சியே அனுப்பியவள் என்றுதான் நினைக்கிறேன்.

கரும்பு வில்லும் மலர் அம்புமாகப் பத்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு முழுசாகத் தரிசனம் கிடைத்தது. அம்மாவுக்கு முன்னால் ஒரு தலை மறைத்துவிட்டது. "தீபம் தெரிஞ்சுது, முகம் தெரியலை" என்றாள் வெளியே வந்ததும். குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

நடுவில் குமரகோட்டம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி, ஊரே சோமாஸ்கந்தர்தான். முருகனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து ஆட்டோ ஏறியதுதான் நான் செய்த தப்பு. நடந்தே போயிருக்கலாம், அம்மா களைத்திருக்கிறாளே என்று ஏறினேன். அந்த ஆட்டோக்காரர் கோயிலுக்குப் போகாமல் ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில் நிறுத்தி, "ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வாங்க, வாங்க வேணாம்" என்றார். வேண்டாம் என்றால் வண்டியை எடுக்கவில்லை. ஆள் இறக்கிவிட்டால் அவருக்குக் கமிஷன். அங்கே கழித்து இங்கே கழித்து, ஏகாம்பரநாதர் கோயில் வாசலுக்கு வந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. இனி நாலு மணிக்குத்தான். வாசலில் ஒருவர் வேறு, "ஐந்நூறு குடுங்க, உள்ள பேசி விடறேன்" என்று பின்னாலேயே வந்தார். வேண்டுதலோடு வருகிறவர்கள் கண்ணில் தெரியும் ஏக்கத்தை இவர்கள் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ! எனக்கு வந்த கோபத்துக்கு அழுகைதான் வந்தது. அம்மா மட்டும் சாதாரணமாக, "சாத்தின கதவு திறக்காமலா போயிடும்?" என்று சொல்லி, நிழலான ஒரு கல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணிக்குச் சொட்டு மருந்து விடவேண்டும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "மேல பாரும்மா" என்றேன். அம்மா தலையை அண்ணாந்தாள். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டேன். வழக்கமாக உடனே கண்ணை மூடிக்கொள்வாள். அன்று மூடவில்லை. நேர் மேலே ராஜகோபுரம். 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, கிட்டத்தட்ட 190 அடி உயரம்.

"கண்ணை மூடும்மா, மருந்து வழிஞ்சுடும்."

"இரு இரு" என்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ ஜபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்பது நிலை. சரிதானே?" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான். மருந்தா கண்ணீரா என்று தெரியாமல் அவள் கன்னத்தில் வழிந்ததைத் துணியால் ஒற்றினேன்.

நாலு மணிக்கு நடை திறந்தார்கள். உள்ளே அந்த நீண்ட பிரகாரத்தில், தூண் தூணாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். பழக்க தோஷம்தான், தடவித் தேடி நடக்கவில்லை. சகஸ்ர லிங்கத்தின் முன்னால் நின்று கும்பிட்டாள். பெருமாள் நிலாத்திங்கள் துண்டத்தானாக இதே கோயிலுக்குள் நிற்கிறார், அவரையும் சேவித்தோம். ஆனால் அம்மாவின் மனசு முழுக்கக் கருவறையில்தான் இருந்தது.

பிருத்வி லிங்கம். மணலில் அம்பாள் பிடித்து வைத்த மூர்த்தி. கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரைந்துவிடுவாரோ என்று பதறி அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள், இவரும் குழைந்துபோனார். இன்றைக்கும் அபிஷேகம் அடிப்பீடமான ஆவுடையாருக்குத்தான், லிங்கத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. தண்ணீர் படாமல், அடி படாமல், அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா கண்ணை நான் நாலு மாதமாகப் பொத்திக்கொண்டிருப்பதும் எனக்கு அங்கே நின்றபோதுதான் ஞாபகம் வந்தது.

கூட்டம் அதிகம் இல்லை. நாலு மணி வரை எங்களை வெளியே உட்காரவைத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. காலையில் வந்திருந்தால் இவ்வளவு நிதானமாக நின்றிருக்க முடியுமா?

தீபாராதனைக்கு மணி அடித்தது. அம்மா வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. தெரியாத கண்ணை எதற்கு மூடுகிறாள்? அப்புறம் புரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் நர்ஸ் சொல்வார், "வலது கண்ணை மூடுங்க, இப்ப என்ன தெரியுது சொல்லுங்க" என்று. அம்மா ஏகாம்பரநாதருக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். நீ கொடுத்தது வேலை செய்கிறது, பார் என்று.

"என்னம்மா தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சுடர் தெரியுது. பின்னால ஐயன் தெரியறாரு."

அப்படியே பதிகத்தை ஆரம்பித்தாள். ஆறு மாதம் இருட்டில் தினமும் பாடிய பாட்டு, மூன்றாவது அடியில் வந்து நின்றுவிட்டது. தொண்டை அடைத்ததா, மறந்ததா தெரியவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. பின்னால் நின்றிருந்த பெரியவர், நெற்றி நிறைய விபூதி, "ஏலவார் குழலாள் உமைநங்கை" என்று எடுத்துக் கொடுத்தார். அம்மா பிடித்துக்கொண்டாள். "கம்பன் எம்மானைக் காணக் கண் அடியேன் பெற்றவாறே" என்று முடிக்கும்போது இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்தது. குருக்கள் ஆரத்தித் தட்டைக் கொண்டுவராமல் முடியும்வரை அப்படியே நின்றார். யாரும் நகரச் சொல்லவில்லை.

அர்ச்சனைக்கு அம்மா பேர், நட்சத்திரம் சொன்னேன். முடிந்ததும் அம்மா என் கையைத் தட்டி, "அவங்களுக்கும் ஒண்ணு" என்றாள்.

"யாருக்கும்மா? பேர் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"பேர் தெரியாது சாமி."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. இந்தக் கண்ணு அவங்களோடது."

குருக்கள் ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தார். "சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மந்திரம் சொல்லி, வில்வம் போட்டு, மறுபடியும் தீபம் காட்டினார். பெயர் சொல்லாமல் கொடுத்தவருக்கு ஈசன் பெயரிலேயே அர்ச்சனை! இதைவிடப் பொருத்தமாக யாரால் செய்ய முடியும்? அந்தத் தீபத்தை அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி, இமைக்காமல் பார்த்தாள். அந்தக் கண்ணும் பார்த்தது. அதற்கு உரியவர் இதற்கு முன்னால் இந்தச் சன்னதிக்கு வந்திருப்பாரோ, என்னவோ. அன்று வந்துவிட்டார்.

விபூதியைக் குருக்கள் கையில் போடாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "கண்ணுல பட்டுடப்போறது, ஆத்துக்குப் போய் இட்டுக்கோங்கோ." அவர் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைப்பழம்தான் அன்று அம்மாவின் முதல் ஆகாரம். தல விருட்சமான மாவடியைச் சுற்றி வந்து, அங்கேயே உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை, மனசு ஏகம்பத்திலேயே நின்றுவிட்டது. கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1300 வருடம் ஆகிறது, மணற்கல்லில் அத்தனை சிங்கங்கள். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து நுழைகிற அந்தக் குறுகலான வழியில் நான் மட்டும் போய்வந்தேன், மறுபிறவி கிடையாது என்பார்கள். குனிந்தால் கண்ணுக்கு அழுத்தம் என்று அம்மாவை விடவில்லை. "எனக்கு இந்தப் பிறவியே இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

வரதர் கோயிலில் அத்திகிரியின் 24 படியையும் எண்ணிக்கொண்டே, என் கையை விட்டுவிட்டு ஏறினாள். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டோம். 2019-ல் அத்திவரதர் எழுந்தருளியபோது அப்பாவோடு இதே ஊரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றதைச் சொன்னாள். "அப்ப இந்தக் கண்ணு என்னோடதா இருந்துச்சு" என்றாள். அனந்தசரஸ் குளத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. கோயில் இட்லி வாங்கினோம். மந்தாரை இலை வாசமும் மிளகும் சுக்குமாக, ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் வழியில் வெளிச்சம் போட்டிருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். டீக்கடை, உரக்கடை, திருமண மண்டபம், எதையும் விடவில்லை. திடீரென்று, "திருவாரூருக்கு எப்படிடி போறது?" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "வலது கண்ணு திரும்பாதுன்னு டாக்டர் சொன்னாரேம்மா."

"அவர் சொன்னாரு. நான் இல்லைன்னு சொல்லலையே. சுந்தரருக்கு அந்தக் கண்ணு அங்கதானே கிடைச்சுது."

விழுப்புரத்தில் இருந்து மயிலாடுதுறை வழியாக ரயில் இருக்கிறது என்றேன். "சரி, தையல் பிரிச்ச அப்புறம் போலாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி அடுத்த பலகையைப் படிக்க ஆரம்பித்தாள்.