பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குக் காசு எங்கிருந்து வரும்: நான் விட்டதும் பிடித்ததும்

நான் விட்டது 4 லட்சம் ரூபாய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ எல்லாம் தெரிந்தவன் அறிவுரை சொல்கிறான் என்று நினைத்துவிடுவீர்கள்.

2016இல் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தேன். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு லோடு ஆட்டோ, விடியற்காலையில் தோட்டங்களில் பூ ஏற்றி மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறக்குவதுதான் தொழில். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க், ஆனால் அந்த மார்க்குக்குக் காசு கிடைக்கும் என்று வீட்டிலும் யாருக்கும் தெரியாது, பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில்தான், கூடப் படித்த ஒரு பெண் இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் வாங்குவது தெரிந்தது. அவளுடைய மொத்த மதிப்பெண் என்னுடையதைவிட 4 குறைவு. ஓடிப்போய்க் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "அது ஃபர்ஸ்ட் இயர்ல போடணும் தம்பி, போர்டுல ஒட்டியிருந்தோமே" என்றார்கள். ஒட்டித்தான் இருந்தார்கள், அதன் மேலேயே தேர்வுக் கட்டணச் சுற்றறிக்கையையும் ஒட்டியிருந்தார்கள். அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அந்த போர்டை ஆறு மாதமாக நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை.

அது என்ன ஸ்காலர்ஷிப் என்றால், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய திட்டம். அவரவர் தேர்வு போர்டில் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, பி.எஸ்சி.யிலோ ஐந்து வருட எம்.எஸ்சி.யிலோ அடிப்படை அறிவியல் பாடம் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 உங்கள் கைக்கு, 20,000 கோடையில் ஒரு ஆய்வாளரிடம் புராஜெக்ட் செய்து அறிக்கையும் சான்றிதழும் கொடுப்பதற்கு. எம்.எஸ்சி. வரை போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டு, மொத்தம் 4 லட்சம். குடும்ப வருமான வரம்பு கிடையாது. இன்ஜினியரிங், மருத்துவம் போனவர்களுக்கு இது இல்லை, நம்மைப் போல கெமிஸ்ட்ரிக்கு வந்தவர்களுக்குத்தான். "சீட்டு கிடைக்காம கெமிஸ்ட்ரி எடுத்தியா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல நல்ல பதில். விண்ணப்பம் முதல் ஆண்டில் மட்டும்தான். கட்-ஆஃப் எவ்வளவு இருக்குமோ என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள், போர்டு வாரியாக வெளியிடுவார்கள், போய்ப் பாருங்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நமக்கு வரும் காசு இரண்டு வகை. ஒன்று படிப்புக்கு வருவது, இதற்குத் தாள்களும் தேதியும் சரியாக இருந்தால் போதும். இன்னொன்று ஆராய்ச்சிக்கு வருவது, இதற்கு வாயைத் திறந்து கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் முதலாவதில் தேதியை விடுகிறார்கள், இரண்டாவதில் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மார்க் குறைந்து இழந்தவர்களைவிட இப்படி இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதல் வகையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் மத்தியத் துறைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் போர்டில் 80 பெர்சென்டைலுக்கு மேல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள். இளநிலைக்கு இப்போது ஆண்டுக்கு 12,000 ரூபாய். 80 பெர்சென்டைல் என்பது 80 சதவீத மார்க் இல்லை, உங்கள் போர்டில் எழுதியவர்களில் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. இது புரியாமல் பலர் போடாமலேயே விட்டுவிடுகிறார்கள். இன்ஸ்பயரும் இதுவும் சேர்த்து வாங்க முடியாது, எது பெரியதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இப்போது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். நான் படித்தபோது இரண்டும் கிடையாது, பொறாமையாகத்தான் இருக்கிறது. சாதிவாரியான உதவித்தொகைகளுக்கு விண்ணப்பத்தைக் கல்லூரியே கேட்டு வாங்கி அனுப்பும், அதில் அலட்சியம் வேண்டாம். லோரியால் நிறுவனம் அறிவியல் படிக்கும் பெண்களுக்கு 2.5 லட்சம் வரை கொடுக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் 85 சதவீதம் கேட்பார்கள். அப்புறம் மதுரையின் பழைய கல்லூரிகளில் முன்னாள் மாணவர்கள் பெயரில் அறக்கட்டளைப் பரிசுகள் கிடக்கும், சில பரிசுகளுக்கு விண்ணப்பிக்கவே ஆள் இருக்காது. தொகை சின்னதுதான், ஆனால் ஒரு செமஸ்டர் பஸ் செலவுக்கு ஆகும்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா, பெயரில். நம் ஊர் இனிஷியல் இருக்கிறதே, அதுதான் வில்லன். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கல்லூரி சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மார்க் ஷீட்டில் இருப்பதுபோல மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, பள்ளியில் படித்தபோது திறந்த கணக்கு. 18 வயது ஆனதும் அதற்குப் புதிதாகத் தாள்கள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் முடங்கிவிடும். கணக்கோடு ஆதாரை இணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அரசுப் பணம் ஆதார் வழியாக எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறது. வங்கியில் "ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். என்னோடு படித்த ஒருவனுடைய பணம், அவன் மறந்தே போயிருந்த வேறொரு வங்கிக் கணக்கில் எட்டு மாதமாகக் கிடந்தது.

வருமானச் சான்றிதழை ஜூன் மாதமே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று அது படியேறி வர வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் போட்டுவிட்டு, வி.ஏ.ஓ. திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்று அழுவதில் அர்த்தமில்லை. மதுரையில் சித்திரை மாதம் எந்தத் தாளும் நகராது என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

சரி, இரண்டாவது வகை. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஆண்டில் சீனியர் ஒருவர் சொல்லி ஒரு கோடைப் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். "சிறு வயதிலிருந்தே எனக்கு வேதியியல் மீது தீராத ஆர்வம், நானோ தொழில்நுட்பத்தில் சாதிக்க விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நானோ என்றால் என்ன அளவு என்று கேட்டிருந்தால்கூட முழித்திருப்பேன். பதிலே வரவில்லை, வராததுதான் நியாயம்.

இரண்டாம் ஆண்டு, 4 லட்சம் போன கடுப்பு இருந்ததால் கொஞ்சம் விழிப்பாக இருந்தேன். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று ஊர்களில் இருக்கும் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கிறது. இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகை, ரயில் கட்டணம். விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரில் முடிந்துவிடும். நம் செமஸ்டர் தேர்வும் அதே நவம்பரில்தான், அதனால்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதை விடுகிறார்கள். மதிப்பெண்கள், ஓர் ஆசிரியரின் பரிந்துரை, அப்புறம் என்ன செய்ய விரும்புகிறாய் என்று 250 வார்த்தைக்குள் ஒரு குறிப்பு. இவ்வளவுதான்.

அந்த 250 வார்த்தைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியதைப் படித்த எங்கள் ஆர்கானிக் மேடம், "இதுல உன் பேரை எடுத்துட்டு வேற பேரைப் போட்டாலும் ஒண்ணும் மாறாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், செக்கானூரணி தாண்டும்போது என்று நினைக்கிறேன், மல்லிகைப்பூ ஞாபகம் வந்தது. அப்பா ஏற்றுவது காலையில் பறித்த மொட்டு, அப்போது வாசனை அவ்வளவாக இருக்காது. சாயங்காலம் விரியும்போதுதான் வீடே மணக்கும். அந்த வாசனை மொட்டுக்குள் ஏற்கனவே கட்டுண்டு இருக்கிறதா, விரியும்போதுதான் உண்டாகிறதா? மல்லிகை வாசனையில் பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் எல்லாம் இருக்கின்றன, அதில் இண்டோல் கொஞ்சமாக இருந்தால் பூ வாசம், அதிகமானால் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். மொட்டையும் மலர்ந்த பூவையும் மணிக்கணக்கு வைத்து எடுத்து, வாசனைப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் எது எப்போது கூடுகிறது என்று பார்க்க ஆசை, அந்தக் கருவியை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை என்று எழுதினேன். கடைசி வரியை எடுத்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். எடுக்கவில்லை.

கிடைத்தது. ஆனால் மல்லிகை கிடைக்கவில்லை, பெங்களூரில் வேறொரு வேலை நடக்கும் ஆய்வகத்தில் போட்டார்கள். கேட்ட வேலையே தருவார்கள் என்று இல்லை. அந்தக் குறிப்பைப் படிப்பவர், இந்தப் பையன் ஒரு கேள்வியைப் பிடித்து யோசிப்பானா என்றுதான் பார்க்கிறார். உங்களுக்கு சுங்குடிச் சேலைச் சாயம் தெரிந்திருக்கலாம், ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு தெரிந்திருக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள், நானோவை விட்டுவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் கடைசி நாள் போய் நிற்காதீர்கள். இரண்டு வாரம் முன்னால் மதிப்பெண் பட்டியலையும் எழுதிய குறிப்பையும் கையில் கொடுத்து, "மேடம், 20ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்" என்று தேதியோடு சொல்லுங்கள். நடுவில் ஒரு தடவை நினைவுபடுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இது போக, மும்பை மான்குர்டில் இருக்கும் ஹோமி பாபா மையம் இளநிலை மாணவர்களுக்காக நியஸ் (NIUS) என்று ஒரு திட்டம் நடத்துகிறது, கெமிஸ்ட்ரிக்குத் தனி முகாம் உண்டு. பெங்களூரு ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தின் போஸ் (POCE) திட்டம், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மாணவர்களைத் தொடர்ந்து மூன்று கோடைக்கு வரவழைப்பது. முதல் ஆண்டிலேயே பிடிக்க வேண்டியவை இவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள், வாட்ஸ்ஆப்பில் வரும் பழைய பட்டியலை நம்பாதீர்கள். கே.வி.பி.ஒய். என்ற பழைய அறிவியல் உதவித்தொகைத் தேர்வை எழுதச் சொல்லி இன்னும் சுற்றுகிறது ஒரு பட்டியல். அதை 2022இலேயே நிறுத்தி இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டார்கள்.

வெளியூர் முடியாது, வீட்டில் விட மாட்டார்கள் என்றால் காரைக்குடி இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம் போல. 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே நிற்கிறது, நம் பிள்ளைகளோ பாடப்புத்தகத்தில் பேட்டரியைப் படித்துவிட்டு அந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் பிள்ளையார்பட்டிக்குப் போய் வருகிறார்கள். விஞ்ஞானிகளுக்கு நேரடியாக மெயில் போடலாம். நான் மூன்றாம் ஆண்டில் பல ஆய்வகங்களுக்கு 31 மெயில் போட்டேன், பதில் வந்தது 4, அதில் இரண்டு "இடமில்லை". மெயிலில் அவருடைய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே மெயிலை அனுப்பி, மேலே பெயரை மாற்ற மறந்தவனையும் எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆய்வகங்கள் வெளி மாணவர்களிடம் புராஜெக்டுக்குக் கட்டணம் வாங்குகின்றன. பெங்களூரு போகிறேன் என்று சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "காசு குடுத்துக் கூப்புடுறாங்களா, காசு கேட்டுக் கூப்புடுறாங்களா?" இதைவிட நல்ல வடிகட்டி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கொடுத்துத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் பிறகுதான் கொடுத்தார்கள். உதவித்தொகை எதுவானாலும் முதலில் உங்கள் கைக்காசு கரையும். அட்வான்ஸ், சாப்பாடு, பஸ் பாஸ் என்று முதல் மாதத்துக்கே 9,000 ரூபாய் தேவைப்பட்டது. அம்மா மகளிர் குழுவில் 10,000 எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் மதுரையில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெங்களூரு. ஆய்வகத்தில் முதல் வாரம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். கல்லூரியில் சால்ட் அனாலிசிஸும் டைட்ரேஷனும் மட்டுமே செய்தவனுக்கு கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் ஓடுவதைப் பார்ப்பதே வேடிக்கையாக இருந்தது. அங்கிருந்த பிஎச்.டி. அக்கா ஒருவர் கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் டி.எல்.சி. தட்டில் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தார், முதல் 20 தட்டு வீண். அதை நோட்டில் "வீண்" என்றே தேதி போட்டு எழுதச் சொன்னார். எம்.எஸ்சி. நேர்காணலில் அந்த நோட்டைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார்கள், மார்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

குழுக் கடனை உதவித்தொகை வந்ததும் அடைத்துவிட்டோம். ரயில் காசுக்கு டிக்கெட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். போன டிக்கெட் பத்திரமாக இருந்தது. வந்த டிக்கெட்டைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன், வீட்டுக்கு வந்த அன்றே அம்மா சட்டையோடு சேர்த்து அலசிக் கொடியில் போட்டுவிட்டார். ஒரு வழிக் காசுதான் வந்தது.