வெட்டாத நாளுக்கு எத்தனை குலை?

பெயர்ப்பலகைகள் பெஸ்தாரி ஜெயா என்று சொன்னாலும், என் வயதுக்காரர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து ஊர் எங்களுடையது. முன்பு ரப்பர் பால்மரம் நின்ற நிலங்களில் இன்று எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. அத்தகைய தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக, இருக்கிறேன். காலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆள்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, முந்தைய நாள் ஒவ்வொரு வெட்டுக்காரரும் எத்தனை பழக்குலை வெட்டினார் என்று, வேலையை மேற்பார்க்கும் தண்டல் எழுதித் தரும் கணக்கை எக்செல் தாளில் ஏற்றுவதுதான் என் முதல் வேலை.

ஒரு மாத முடிவில், நாளொன்றுக்குச் சராசரியாக 80 குலைக்குக் கீழே வெட்டியவர்களின் பட்டியலை மேலிடம் கேட்டது. சராசரியை எடுத்து, 80க்குக் குறைந்தால் 'குறைவு' என்று காட்டும்படி ஓர் இஃப் சூத்திரம் எழுதி, பத்து நிமிடத்தில் பட்டியலை அனுப்பிவிட்டேன். அதில் எங்கள் தோட்டத்தின் கைதேர்ந்த வெட்டுக்காரர்களில் ஒருவரான ஓர் அண்ணனின் பெயரும் இருந்தது. அவருடைய சராசரி 69 என்று தாள் காட்டியது. மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பி, நான் வெட்டாத நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

அப்படித்தான் போட்டிருந்தேன். அந்த மாதத்தின் 24 வேலை நாள்களில் அவர் 18 நாள் வெட்டியிருந்தார். மொத்தம் 1,656 குலைகள். மீதி 6 நாள் அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார், அந்த நாள்களுக்கு நான் சுழியம் தட்டியிருந்தேன். 1,656ஐ 18ஆல் வகுத்தால் 92, 24ஆல் வகுத்தால் 69. ஒரு மனிதரின் உழைப்பில் நான்கில் ஒரு பங்கை ஆறு சுழியங்களால் நான் அழித்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சுழியத்தை நீக்கிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் போதும் என்று முதலில் எண்ணினேன். ஆவரேஜ் வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் சராசரி சரியானது. ஆனால் நாள்வாரியாக, அன்றைய குலை எண்ணிக்கை இருக்கும் சி5 கட்டத்தைக் காட்டி 'சி5<80' என்று கேட்கும் சூத்திரம் அதே வெற்றுக் கட்டத்தைச் சுழியமாகவே எடுத்துக்கொண்டு, விடுப்பு நாளிலும் 'குறைவு' என்றது. நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரத்தில் அதே நிபந்தனையை எழுதினாலோ, வெற்றுக் கட்டம் எண்ணிக்கையில் சேர்வதே இல்லை. ஆக, ஒரே வெறுமையை ஒரே தாளில் உள்ள இரண்டு சூத்திரங்கள் இரண்டு விதமாகப் படிக்கின்றன.

வெறுமைக்குப் பதிலாக, மருத்துவ விடுப்பைக் குறிக்கும் 'எம்சி' என்று எழுதிப் பார்த்தபோது இதைவிட விந்தையான ஒன்று நடந்தது. எக்செல்லில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால், எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியதாகவே கொள்ளப்படும். 'எம்சி' என்ற சொல் 80க்குக் குறையாதது என்ற கூற்று அங்கே உண்மை. முதல் நாள் கடமை தவறியவராகக் காட்டப்பட்டவர், மறுநாள் படுக்கையில் இருந்தபடியே இலக்கை எட்டியவராகத் தெரிந்தார். எந்தப் பிழைச்செய்தியும் வராமல், 'சரி' என்ற சொல் மட்டும் அமைதியாக வந்து நின்றது. இத்தகைய பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

தீர்வு சூத்திரத்தில் இல்லை, தாளின் அமைப்பில் இருந்தது. 'வெட்டினாரா?' என்பதும் 'எத்தனை வெட்டினார்?' என்பதும் வெவ்வேறு கேள்விகள். அவற்றின் விடைகளை ஒரே கட்டத்தில் திணித்ததுதான் என் தவறு. இப்போது பி நெடுவரிசையில் 'வேலை', 'எம்சி', 'விடுப்பு' ஆகியவற்றுள் ஒன்றும், சி நெடுவரிசையில் எண் மட்டுமே வருகின்றன. நாள்வாரிச் சூத்திரம் =இஃப்(அண்ட்(பி5="வேலை",சி5<80),"குறைவு","") என்று ஆயிற்று. 'வேலை' என்ற சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் பொருத்தம் கெட்டுவிடும் என்பதால், அந்தச் சொற்களைக் கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டேன்.

எல்லா நிபந்தனைகளும் உண்மையானால் மட்டுமே அண்ட் தேறும்; ஏதேனும் ஒன்று உண்மையானாலே ஆர் தேறும். தமிழில் சிந்திக்கும் நமக்கு இவை இரண்டிலும் தனியாக ஒரு தடுமாற்றம் உண்டு. "7ஆம் பிளாக்கிலும் 9ஆம் பிளாக்கிலும் வெட்டிய குலைகளைக் காட்டு" என்று தண்டல் கேட்டால், அந்த 'உம்' நம்மை நேராக அண்ட் சூத்திரத்துக்கு இழுத்துச் செல்லும். ஆனால் தாளின் ஒரு வரிசை ஒரு பிளாக்கைப் பற்றியதுதான். அது ஒரே நேரத்தில் 7ஆகவும் 9ஆகவும் இருக்க முடியாது. ஆகவே அண்ட் எழுதினால் ஒரு வரிசைகூடத் தேறாது. அங்கே வேண்டியது ஆர். நம் பேச்சில் 'உம்' பிளாக்குகளைச் சேர்க்கிறது, சூத்திரத்தில் அண்ட் நிபந்தனைகளைச் சேர்க்கிறது. மறுப்பு வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. "எம்சியும் இல்லை, விடுப்பும் இல்லை" என்பதை மறுப்பைக் குறிக்கும் நாட் கொண்டு நாட்(ஆர்(...)) என்றும் எழுதலாம், இரண்டு மறுப்புகளை அண்ட் கொண்டு இணைத்தும் எழுதலாம், விடை ஒன்றே. மாறாக, 'எம்சி அல்ல அல்லது விடுப்பு அல்ல' என்று ஆர் கொண்டு எழுதினால், எல்லா வரிசைகளும் உண்மையாகிவிடும். மறுப்பு உள்ளே போனால் ஆர், அண்ட் ஆக மாறும் இந்த விதியைத் தன் பெயரில் தாங்கியிருக்கும் அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் என்றாலும், என் பாட்டனார் கப்பலேறி வந்த சீமையில் பிறந்த ஒருவரின் விதியைத் தினமும் பயன்படுத்துகிறேன் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தாள் செம்மையானதும், குறைவான நாள்களுக்கு உண்மையான காரணம் என்ன என்று தேட முடிந்தது. மழைக்குறிப்புக்காக டி நெடுவரிசையைச் சேர்த்து, நால்வர் வெட்டும் ஒரு பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் நால்வருக்கும் சேர்த்து 96 வேலை நாள்கள். அவற்றுள் 21 நாள்கள் 80க்குக் குறைவு. =கவுண்ட்இஃப்ஸ்(பி:பி,"வேலை",சி:சி,"<80",டி:டி,"மழை") என்று கேட்டதற்கு 16 என்று விடை வந்தது. 21இல் 16 என்றால் மழைதான் காரணம் என்று அங்கேயே முடித்துவிடத் தோன்றும். ஆனால் மாதத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்திருந்தால், மழைக்கும் குறைவுக்கும் தொடர்பே இல்லாமலும் ஏறக்குறைய இதே விகிதம் வந்திருக்கும் அல்லவா? ஆகவே மழை பெய்தும் குறையாத நாள்களையும் எண்ண வேண்டும். மழையோடு வேலை செய்த 32 நாள்களில் 16 குறைவு, அதாவது சரிபாதி. மழையில்லாத 64 நாள்களில் 5 மட்டுமே. இந்த நான்கு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான், குறை ஆள்களிடம் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதும் துணிவு எனக்கு வந்தது.

ஊக்கத்தொகைப் படிகளைக் கணக்கிடும் அடுக்கு இஃப் பற்றி ஒரு சொல்: மேலிருந்து முதலில் உண்மையாகும் நிபந்தனையோடு அது நின்றுவிடும். '>=80' முதலில் இருந்தால் 110 குலை வெட்டியவரும் கீழ்ப்படியிலேயே நிற்பார்; ஆகவே '>=100' முன்னால் வர வேண்டும். பிழைகளை மறைக்க இஃப்எர்ரர் போடும் பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். சுழியத்தால் வகுத்த பிழை தாளில் பளிச்சென்று தெரிந்தால், அந்த ஆளின் வேலை நாள் ஒன்றுகூடப் பதியப்படவில்லை என்பது எனக்கு உடனே தெரியும்.

திருத்திய பட்டியலை அனுப்புவதற்கு முன் அந்த அண்ணனை அழைத்து, அவருடைய நோட்டையும் என் தாளையும் ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டோம். 17 நாள்கள் பொருந்தின. ஒரு நாளில் மட்டும் அவர் 3 குலைகள் கூடுதலாக எழுதியிருந்தார். தண்டலின் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தபோது, நான்தான் 97ஐ 94 என்று ஏற்றியிருந்தேன் என்று தெரிந்தது. அவர் அருகில் நிற்கும்போதே அதைத் திருத்தினேன், சராசரி 92.17 ஆயிற்று.