டாக்டரம்மா வீட்டுப் பின்வாசல்

நம் பள்ளியின் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது. 1979-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியேறும்வரை அதை யாரும் அடைக்கவில்லை. அடைக்கக்கூடாது என்று ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டது டாக்டரம்மாதான் என்று பிற்பாடு தெரிந்தது. கபடியில் முட்டி பெயர்ந்தவன் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் பாதி ரத்தம் போய்விடுமாம்.

அதனால் நம்மில் பலருக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா பங்களாவின் முன்பக்கமே சரியாகத் தெரியாது. மங்களூர் ஓடு, ஜன்னல்களுக்கு மேல் கூம்பு வைத்த மரச்சட்டக் கூரை. பெங்களூர் தண்டு (கன்டோன்மென்ட்) பக்கம் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், 'மங்கி டாப்' என்பார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் பின்வாசல்தான். அங்கே சிவப்பு ஆக்சைடு பூசிய நீளத் திண்ணை ஒன்று உண்டு. மாசமான பெண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் நடுப்பகுதி மட்டும் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். டிஞ்சர் வாசனையும் வெந்நீர் அடுப்புப் புகையும் கலந்து வரும். கதவோரம் பித்தளைப் பலகை. ஆயா வாராவாரம் புளி போட்டுத் தேய்த்ததில் பெயர் மழுங்கிப்போய், பின்னால் இருந்த எல்.எம்.பி. மட்டும் படிக்கும்படி இருந்தது.

அந்த மூன்று எழுத்துக்கு ஒரு கதை உண்டு. டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கே அப்போது தந்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமோதான். முதல் அணியில் 14 பேர் தேறி வெளியே வந்தது 1922-ல். டாக்டரம்மா அதற்குச் சில வருஷம் பின்னால். அங்கே எம்.பி.பி.எஸ். வந்தது 1942-ல்தான் என்பதால் அவர் கடைசிவரை எல்.எம்.பி.யாகவே இருந்தார். பின்னால் வந்த டாக்டர்கள் சிலருக்கு அதில் ஒரு இளக்காரம். காட்பாடியில் ரயில் ஏறி, தண்டு ஸ்டேஷனில் இறங்கி, சொந்தமாகப் பிரசவ விடுதி வைத்த முதல் தமிழ்ப் பெண் அவர்தான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சிவாஜி நகரில் பெண்களுக்கென்றே கோஷா ஆஸ்பத்திரி இருந்தது, உண்மைதான். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு வலி கண்டவளுக்கு இந்தப் பின்வாசல்தான் கிட்ட.

காயத்துக்கு டிஞ்சர் வைக்கும்போது கத்தாமலிருக்க, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். பெண்பிள்ளைகளிடம் கூடுதலாக ஒரு கேள்வி: "எட்டாவதோட நிறுத்தப் போறாங்களா?" என் வீட்டில் நிறுத்தத்தான் இருந்தார்கள். அம்மாவோடு உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டினால் நாலு காசு வரும். எம்.இ.ஜி. என்ற ராணுவப் படைப்பிரிவில் வேலை பார்த்த என் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். மீசையும் தோரணையுமாகப் போனவரிடம் டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "இவ பொறந்தன்னிக்கு நீ குடுக்க வேண்டியது இன்னும் பாக்கி நிக்குதுப்பா. அதை நான் கேக்கல. பொண்ணை இஸ்கூலுக்கு அனுப்பு." நான் பிறந்த அன்று அப்பா டியூட்டியில் இருந்தவர், பணம் கட்டினதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடன்காரன் என்ற பேச்சுக்கு அஞ்சியே என்னைப் பத்தாவதுவரை விட்டார்.

இனி 2010. வீடு டாக்டரம்மாவின் தம்பி பேரனிடம் வந்து, விலை பேசி முடித்து, அபார்ட்மென்ட் படம் போட்ட போர்டும் வாசலில் நட்டாகிவிட்டது. போர்டை போட்டோ எடுத்து அனுப்பியவர் நம் சயின்ஸ் சார். ரிட்டயர் ஆன பிறகும் பள்ளிக்குத் தினம் வந்துகொண்டிருந்தவர். அந்த லீவில் நான் ஊருக்குப் போயிருந்தேன். டிரில் ஹாலில் கூட்டம். பழைய மாணவர்கள், எதிர்ச்சாரி இரும்புக்கடைக்காரர், மசூதித் தெருவிலிருந்து மூன்று பாட்டிமார், எல்லாரும் சேர்ந்து முப்பது பேர் இருப்போம். சார் அட்டாரா கச்சேரியை உதாரணம் காட்டினார். 1868-ல் 18 இலாகாக்களுக்காகக் கட்டிய கட்டடம். 1980-களில் அரசாங்கமே இடிக்கப் பார்த்தது. ஊரார் விடவில்லை, இன்றும் ஹைகோர்ட்டாக நிற்கிறது. "அது விதான சௌதா எதிர்ல சார், இது சந்துக்குள்ள" என்றார் இரும்புக்கடைக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மனுவை எந்த மொழியில் எழுதுவது என்பதில் ஒரு மணி நேரம் போனது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் வைத்த வள்ளுவர் சிலை கன்னட-தமிழ்ப் பிரச்சினையில் 18 வருஷம் சாக்கு மூட்டைக்குள் கிடந்து, முந்தின ஆகஸ்டில்தான் வெளிச்சம் பார்த்திருந்தது. தமிழில் எழுதினால் வீட்டு விஷயம் போய் வேறு விஷயமாகிவிடும் என்று பலருக்குப் பயம். கடைசியில் கன்னட மேடம் பேனாவை எடுத்தார். "நானும் அந்தத் திண்ணையில உக்காந்தவதான், கொடுங்க" என்று நாலு பக்கம் எழுதித் தந்தார். 412 கையெழுத்து சேர்ந்தது, கைநாட்டு தனி.

வெளிநாட்டில் இருந்த நாம் என்ன செய்தோம்? ஈமெயில் செய்தோம். தினம் நாற்பது. சேர்ந்த நன்கொடை அந்த வீட்டுக் குளியலறையை வாங்கவும் போதாது. தம்பி பேரனைப் பார்க்கப் போன குழுவில் நானும் இருந்தேன். காபி கொடுத்து உட்காரவைத்தார். "மழை வந்தா மூணு ரூம்ல வாளி வைக்கிறேன்க்கா. நீங்க எல்லாம் சேர்ந்து வாங்கிக்கிறீங்களா, பேசி முடிச்ச விலைக்கே தரேன்" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரை வில்லனாக்கி நம் ஆட்கள் எழுதியதெல்லாம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. நினைவுச்சின்னம் என்றால் நூறு வயசு ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்கு எண்பதே நிரம்பவில்லை. கட்டடக்கலை படிக்கிற இரண்டு பிள்ளைகள் வந்து ஒரு நாள் முழுக்க டேப் பிடித்து அளந்தார்கள். மங்கி டாப், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம் எல்லாம் மனுவில் ஏறின. பின்வாசல் திண்ணை ஏறவில்லை. அதில் என்ன கலை இருக்கிறது என்று நமக்கே தோன்றியிருக்க வேண்டும். மசூதித் தெருப் பாட்டி ஒருத்தி மட்டும் அளக்க வந்த பையனிடம், "இதை அளந்தியாப்பா?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனான். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. சனியும் ஞாயிறுமாக எல்லா ஆபீசும் மூடல். சனி சாயங்காலம் ஜேசிபி வந்தது. அதுவும் பூஜை முடித்துத்தான் வந்திருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் சாமந்தி மாலை, இரும்புப் பல்லில் சந்தனம் குங்குமம். முதல் அடி பின்வாசலில்தான். சந்து அகலம் அந்தப் பக்கம்தான் அதிகம். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தபோது கேட் தூண் இரண்டும் மட்டும் நின்றன.

ஆயாவின் மகள் அந்த ஞாயிறு காலையில் குப்பைக்குள் இறங்கி ஒன்பது பேரேடுகளைப் பொறுக்கி எடுத்தாள். காலிகோ அட்டை போட்ட பிரசவ நோட்டுகள். இப்போது நம் பள்ளி லேபில், ஃபார்மலின் தவளை ஜாடிகளுக்குக் கீழ்த் தட்டில் இருக்கின்றன. போன ஜனவரியில் போய் என் வருஷத்தைத் தேடினேன். கிடைத்தது. நீல மசியில், சாய்வான கையெழுத்து: பெண். 5 பவுண்டு 12 அவுன்ஸ். தாய் நலம். அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில்: கட்டணம் ரூ. 10, பாட்டி கையால் வரவு.

பாக்கி எதுவும் இல்லை. அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மூன்றாவது நோட்டைச் செல் அரித்துவிட்டது, 1940-களில் பிறந்தவர்களுடையது. மற்றவற்றை ஸ்கேன் செய்ய சார் ஆள் பார்த்து வைத்திருக்கிறார். அந்தத் திண்ணை வழியாக உலகத்துக்கு வந்தவர்கள் பிறந்த தேதியையும் அம்மா பெயரையும் நம் பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு எழுதினால், சார் தேடிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். மழைக்காலத்துக்குள் எழுதுங்கள், லேபும் ஒழுகுகிறது.