அட்டைக்குப் பின்னால் நின்றவர்

போன வைகாசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில் படச் சட்டம் ஒன்றுக்கு விலை கேட்டேன். பர்மாத் தேக்கு, நாலு மூலையிலும் கொடிவேலை. உள்ளே ஒரு குடும்பப் படம் இருந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர், பக்கத்தில் கனத்த புடவையில் ஓர் ஆச்சி, சுற்றிலும் பிள்ளை குட்டிகளோடு இருபது பேர் இருப்பார்கள். கடைத் தம்பி விலையைச் சொல்லிவிட்டு, "படம் வேணாம்னா எடுத்துட்டுத் தர்றேன் ஆச்சி. முகம் பாக்குற கண்ணாடி போட்டுக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் வாங்குறாங்க" என்றார்.

எடுத்த படங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மங்குச் சாமான் அடுக்குக்குப் பின்னால் இருந்த ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, தொட்டில் பிள்ளை, கோட்டு போட்ட இளவட்டம். ஒரு படத்தின் பின்பக்கத்திலும் பெயர் இல்லை. அவர்களில் யாராவது எனக்கு உறவாகவும் இருக்கலாம். நகரத்தாராகிய நாங்கள் ஒன்பது கோயில் பிரிவினர், அதற்குள் எப்படியாவது ஓர் உறவுமுறை வந்துவிடும். பெட்டியை மூடிக் கொடுக்கும்போது தொண்டை அடைத்தது.

அந்தத் தம்பி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டை இடிக்கும்போது தூணையும் நிலையையும் எண்ணி விலை பேசியவர்கள் படங்களை எண்ணவில்லை. அவர்கள் நம்மவர்கள்தான். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் அவர்கள் துணியை ஓலைப் பெட்டியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறோம். சுவரில் தொங்குகிற முன்னோரின் படத்துக்குப் பின்னால் ஒரு பெயர் எழுதி வைக்க நமக்குத் தோன்றவில்லை.

அன்று சட்டம் வாங்காமலே நேராக எங்கள் ஊருக்குப் போனேன். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 14 புள்ளிக்கு, அதாவது 14 குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டது. பொங்கலுக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம். மற்ற நாளில் ஓர் அக்கா வந்து பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவார். 72 வயது ஆகிறது. அவருடைய அம்மாவும் எங்கள் வீட்டில்தான் வேலை பார்த்தார். அன்று பட்டாலை என்கிற முன்கூடத்திலும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலும் தொங்கிய படங்களை எண்ணினேன், 43. என்னால் பெயர் சொல்ல முடிந்தது 11 படங்களுக்கு. அதிலும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் மட்டும்தான்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியாரை அன்று நினைத்துக்கொண்டேன். பழைய புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையும் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமானார். 1994இல் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் தேடி ஸ்கேன் செய்திருக்கிறது. ஆனால் எங்கள் வளவுச் சுவரில் தொங்குகிற 43 படங்களுக்குப் பெயர் கேட்டு எழுத வெளியிலிருந்து யாரும் வர முடியாது. கேட்க வேண்டிய ஆளும் 88 வயதில் இருக்கிறார்.

அவர் என் அயித்தை, அப்பச்சியின், அதாவது என் அப்பாவின் தங்கை. காரைக்குடியில் மகனோடு இருக்கிறார். முதல் தடவை படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு போய், "இது யாரு அயித்தை? இது யாரு?" என்று வரிசையாகக் கேட்டேன். ஐந்தாவது படத்தில் களைத்துவிட்டார். தெரியலையே, தெரியலையே என்றவர், தனக்கு ஞாபகம் போய்விட்டது என்று கண் கலங்கினார். தப்பு என்னுடையது. பரீட்சை வைப்பதுபோல் கேட்டிருக்கிறேன்.

அடுத்த தடவை அவரையே காரில் வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வளவில் பாய் விரித்து, பெரிதாக அச்செடுத்த படங்களைப் பரப்பி, வீட்டைப் பெருக்க வரும் அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். பிறகு நான் எதுவும் கேட்கவில்லை, போனில் ஒலிப்பதிவை மட்டும் போட்டு வைத்தேன். பத்து நிமிஷத்தில் இருவருக்கும் வாக்குவாதம். "இந்தத் தோடு அவுகளுது இல்ல, நாத்தினா தோடு. படம் எடுக்க இரவல் வாங்கிப் போட்டாக" என்கிறார் அயித்தை. "இது நம்ம வீட்டுத் தரை இல்லைங்க. நம்ம கல்லுல பூ சின்னதா இருக்கும்" என்கிறார் அக்கா. தினமும் துடைத்த கை அல்லவா, ஆத்தங்குடிக் கல்லின் பூவைப் பார்த்தே எந்த வீட்டில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டார். அது என் அப்பத்தா பிறந்த வீடு.

அன்று அயித்தை சொன்னதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் ஐயா, அதாவது அயித்தையின் அப்பா, ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. பின்னால் ஆறும் படித்துறையும் வரைந்த திரை, கையில் குடை. பின்பக்கம் ஊதா முத்திரையில் ரங்கூன் என்ற பெயர் மட்டும் படிக்க முடிகிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊருக்கு வருவார்கள். அயித்தைக்கு ஒரு வயதாகும்போது ஐயா கப்பல் ஏறினார். அப்பத்தா தினமும் ராத்திரி சோறு ஊட்டும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் இந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "அப்பச்சி பாரு, அப்பச்சிக்கு ஒரு வாய்" என்பாராம்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். மறு மார்ச்சில் நகரமே அவன் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையுமாக நடந்தார்கள். லட்சக்கணக்கான பேர். ஐயாவும் நடந்துதான் வந்தார். வீட்டு வாசலுக்கு வந்தபோது தாடியும் புண்ணான காலுமாக இருந்தாராம். முகப்பில் விளையாடிக்கொண்டிருந்த நாலு வயதுப் பிள்ளை யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே ஓடியது. அப்பத்தா அழுதுகொண்டே, "அப்பச்சிடா, உங்க அப்பச்சி வந்துட்டாகடா" என்று தூக்கிக் காட்டியபோது, பிள்ளை சுவரைக் கைகாட்டி, "அப்பச்சி அங்கதான் இருக்காக" என்று கத்தியிருக்கிறது. சமாதானமாகி அவர் மடியில் உட்காரப் பல நாள் ஆயிற்றாம்.

"அவுக என்னைய ஒண்ணும் சொல்லல ஆத்தா. ஒரு நா, அந்தப் படத்தக் கழட்டித் திருப்பி வச்சுட்டாக. நா பழகுன பெறகு அவுகளே மாட்டுனாக" என்றார் அயித்தை.

பிறந்ததிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே நடந்திருக்கிறேன். எனக்கு அது கோட்டு போட்ட ஐயா, அவ்வளவுதான். அயித்தை அன்று வராமல் போயிருந்தால், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது நல்ல தேக்குச் சட்டம் போட்ட ஒரு பழைய படம்.

அதனால் இதில் இறங்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை, ஸ்கேனர் வாங்குவதைத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை, பெரியவர்களைப் பார்க்கப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். படம் இன்னும் பத்து வருஷம் சுவரில் இருக்கும். மற்றபடி நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே பதிவெடுக்க வேண்டும். கறுப்புப் பகுதிகளில் வெள்ளி மேலே வந்து மினுங்கினால் துணியால் துடைக்கக் கூடாது. பின்பக்கம் பேனா கூடாது, மென்மையான பென்சிலால் ஓரமாக எண் போட்டு, விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். ஸ்கேன் 600 டிபிஐக்குக் குறையாமல், டிஃப் (TIFF) கோப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலம் என்று நம்பிவிடாதீர்கள், அது சுருங்கிப்போன படம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். எங்கள் பாட்டையாவின் ஒரே படத்தை ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தோம். அதை இனி பிரிக்க முடியாது, உள்ளே பூசணம் ஏறிக்கொண்டே போகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல்.

வருஷம் கண்டுபிடிப்பது தனி வேலை. அயித்தையின் கல்யாணப் படத்தில் தேதி இல்லை. இரும்புப் பெட்டியில் இருந்த மொய் ஏட்டில் துன்முகி ஆண்டு என்று எழுதியிருந்தது. துன்முகி 60 வருஷத்துக்கு ஒரு முறை வரும், 1896ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். இங்கே மணப்பெண்ணே பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் குழப்பமில்லை. அவர் இல்லாத வீட்டில் காந்தி வந்த வருஷம், ரயில் வந்த வருஷம் என்று எதையாவது பிடித்துத்தான் ஏற வேண்டும். காந்தி 1927 செப்டம்பரில் காரைக்குடிப் பக்கம் வந்தார். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை ரயில் ஓடத் தொடங்கியது 1930இல். இந்த இரண்டையும் வைத்தே எங்கள் வீட்டில் ஆறு படங்களுக்கு முன் பின் சொல்ல முடிந்தது.

14 புள்ளியில் இரண்டு புள்ளி சம்மதிக்கவில்லை. பெண்களின் படம் இணையத்துக்குப் போய்விடும் என்ற பயம். அது நியாயமான பயம். எதையும் இணையத்தில் போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி என்னிடம், ஒரு பிரதி சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம். இந்தப் பதிவில் படமும் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

சரி, அந்தக் கல்யாணப் படத்துக்கு வருகிறேன். எண் 27. சட்டத்தைக் கழற்றி, படத்தைச் சுற்றியிருந்த அட்டையை எடுத்தபோது இடது ஓரத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்குப் படம் கூடியது. சட்டம் போட்டவர் அளவுக்காக மறைத்திருக்கிறார். அந்த விரல்கடைக்குள் தூணை ஒட்டி ஒருவர் நின்றிருந்தார். கையில் பன்னீர்ச் செம்பு, தோளில் துண்டு. 1956இலிருந்து அட்டைக்குப் பின்னால் வெளிச்சம் படாமல் இருந்ததால், படத்திலேயே பளிச்சென்று தெரிந்த முகம் அவருடையதுதான்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பா" என்றார்.

அவருக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா தவறிவிட்டார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சட்டத்தைத் துடைத்து மாட்டியவர் அவர். அயித்தை படத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வண்டி ஓட்டி வந்தவர் இவர்தானாம். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று இறங்கிப் போனாராம். "மாடு தண்ணி குடிக்கவே இல்ல. நா அழுது முடிக்கட்டும்னு நின்னாக" என்றார் அயித்தை.

அந்த முகத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கி அச்செடுத்து அக்காவுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் காலையில் கோலம் போட வந்தபோது, "துண்டு செவப்புங்க ஆச்சி. கறுப்பா விழுந்திருக்கு, ஆனா செவப்பு" என்றார். போனில் அயித்தையிடம் சொன்னேன். "செவப்பா? நீலம்ல" என்றார். இரண்டு பேரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. குறிப்பேட்டில் 27ஆம் எண்ணுக்கு நேரே அவருடைய முழுப் பெயர், ஊர், வண்டி, ஊருணி, அதன் கீழே இரண்டு நிறத்தையும் எழுதி, யார் யார் சொன்னது என்றும் குறித்திருக்கிறேன்.