ஒன்பது மில்லிமீட்டரில் செங்கோட்டை மலைப்பாதை

மீட்டர் கேஜ் ரயிலை வீட்டில் மாதிரியாகச் செய்ய நினைத்தால் முதலில் இடிப்பது தண்டவாளம்தான். கடைகளில் அதிகம் புழங்குவது ஹெச்ஓ அளவு. அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அது வெளிநாடுகளில் பரவலான 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் மீட்டர் கேஜின் 1000 மி.மீ. இடைவெளியை 1:87-க்குச் சுருக்கினால் பதினொன்றரை மி.மீ. வரும். அதற்கென்றே 12 மி.மீ. பாதை ஐரோப்பாவில் செய்கிறார்கள். வரவழைத்தால் ஆகும் செலவில் இங்கே பாதி ஊரையே கட்டிவிடலாம்.

அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். அளவு விகிதத்தை முதலில் முடிவு செய்யாமல், கைக்கு எட்டும் தண்டவாளத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். ‘N’ கேஜ் என்று விற்கும் சின்ன மாதிரிப் பாதை 9 மி.மீ. ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் 111. சரி, 1:110 என்று வைத்துக்கொண்டேன். இந்த அளவில் ரெடிமேடாக எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது. ஆள், வீடு, மரம், பெட்டி எல்லாமே கையால் செய்தாக வேண்டும். எனக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. எல்லாவற்றையும் நாமே செய்கிறோம் என்று ஆனபின், விகிதம் எதுவாக இருந்தால் என்ன? தண்டவாளம் பார்வைக்குச் சரியாக இருக்கிறது. மாதிரி ரயிலில் கண் முதலில் போவது பாதையின் அகலத்துக்கும் பெட்டியின் அகலத்துக்கும் உள்ள பொருத்தத்தில்தான். மீட்டர் கேஜ் பெட்டி பாதையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் அகலமாக, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தோற்றம் வரவில்லை என்றால் மீட்டர் கேஜ் வரவில்லை என்றே அர்த்தம்.

செய்ய எடுத்துக்கொண்டது செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை. 1904-ல் கொல்லத்துக்கு ரயில் போன வழி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் பாதையும் இதுதான். 2010-ல் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள், 2018-ல் அகல ரயிலாகத் திறந்தார்கள். பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று அந்தப் பெயர்களைச் சொல்லும்போதே தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு மழை வாசம் வந்துவிடும். முழுப் பாதையையும் செய்ய வீடு போதாது. பகவதிபுரம் தாண்டி வரும் குகையின் ஒரு வாய், 13 கண் (வளைவு) பாலத்தின் ஒரு பகுதி, ஒரு சின்ன ஸ்டேஷன், இவ்வளவுதான் திட்டம்.

பலகை ஐந்தடிக்கு இரண்டடி. பழைய அலமாரியின் பின்பக்க ப்ளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். ஆசாரி குறுக்குச் சட்டத்தை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைக்கச் சொன்னார். அவர் சொன்னது சரி. மழைக்காலத்தில் ப்ளைவுட் வளைந்தால் பாதையும் கூடவே வளையும். இரண்டடி அகலத்துக்குள் 23 செ.மீ. ஆர வளைவு அடங்கிவிடுகிறது. ரயில் முட்டை வடிவத்தில் சுற்றி வருகிறது, பின்பக்கத்தை மலை மறைத்துக்கொள்கிறது.

தண்டவாளத்துக்கு ஃப்ளெக்ஸ் டிராக், அதாவது வேண்டியபடி வளைக்கக்கூடிய பாதை வாங்கினேன். ஆனால் அதை அப்படியே போடவில்லை. அதில் வரும் பிளாஸ்டிக் சிலீப்பர்கள் (தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கட்டைகள்) 1:160-க்கானவை, நம் பாதைக்குக் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. மீட்டர் கேஜ் மரச் சிலீப்பர் ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம். 1:110-ல் அது 16.6 மி.மீ. நீளம், 1.8 மி.மீ. சொச்சம் அகலம். தீப்பெட்டியைத் திறந்து பாருங்கள். குச்சியின் கனம் ஏறக்குறைய இரண்டு மி.மீ. மருந்து முனையை வெட்டிவிட்டால் ஒரு குச்சிக்கு இரண்டு சிலீப்பர். இதைவிடப் பொருத்தமான பொருளைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

குச்சியில் கம்பியைப் பற்றவைக்க முடியாது என்பதால் ஐந்து குச்சிக்கு ஒன்று காப்பர் கிளாட் போர்டுத் துண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் செய்ய விற்கும் அந்தச் செம்புத்தகடு ஒட்டிய பலகைதான். அதைச் சிலீப்பர் அளவுக்குக் கீற்றாக அறுத்து, நடுவில் செம்பை மட்டும் அரத்தால் கீறிவிட வேண்டும். கீறாமல் விட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு துண்டையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபிறகுதான் ஒட்டினேன். போர்டின் கனம் 1.6 மி.மீ., குச்சி அதைவிடக் கொஞ்சம் உயரம். எல்லாவற்றையும் ஃபெவிகாலில் ஒட்டிக் காயவைத்து, ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஃப்ளெக்ஸ் டிராக்கிலிருந்து உருவிய கம்பிகளை வைத்து, 9 மி.மீ. அகலத்துக்கு அராவிய ஒரு அலுமினியத் துண்டை இடையில் செருகிக்கொண்டு சால்டர் செய்தேன். வளைவில் மட்டும் ஒரு தாளின் கனம் கூடுதலாக விட்டேன். பெட்டி திணறாமல் திரும்புகிறது.

ஜல்லிக்கு ரவை போடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் எறும்பு விடாது. நான் போட்டது எம்-சாண்ட். நிஜப் பாதையில் 50 மி.மீ. கல் என்றால் இங்கே அரை மி.மீ.கூட இல்லை. டீ வடிகட்டியில் சலித்துப் பெரிய மணலைத் தள்ளி, விழுந்ததை மெல்லிய துணியில் மறுபடி சலித்துத் தூசியைப் போக்கினால் நடுவில் நிற்பதுதான் ஜல்லி. ஒட்டுவதற்கு முன் அதில் ஒரு காந்தத்தை நன்றாகப் புரட்டி எடுங்கள். மணலில் இருக்கும் இரும்புத் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் ஏறினால் மோட்டார் போய்விடும். மணலைப் பரப்பி, தண்ணீரைத் தெளிப்பானில் அடித்து நனைத்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். லிக்விட் சேர்க்காவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

இனிப் பாலம். இந்த மாதிரியே இதற்காகத்தான்.

13 கண் பாலத்தின் அளவுகளை நான் படங்களிலிருந்துதான் எடுத்தேன். மீட்டர் கேஜ் காலத்தில் சாலைப் பக்கமிருந்து எடுத்த படங்களில் பாலத்தின் மேல் ரயில் நிற்கும். பெட்டியின் நீளம் நமக்குத் தெரியும், ஏறக்குறைய 19.5 மீட்டர். அப்படியானால் அந்தப் பெட்டியே அளவுகோல். ஒரு பெட்டிக்குக் கீழே ஏறக்குறைய இரண்டரைக் கண் வருகிறது. ஒரு கண்ணும் ஒரு தூணும் சேர்ந்து ஏறக்குறைய எட்டு மீட்டர், நம் கணக்கில் 72 மி.மீ. இரண்டு அங்குல பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 60 மி.மீ. தூணுக்கு 12 மி.மீ. விட்டால் கணக்கு அப்படியே உட்காருகிறது. பைப் துண்டுகளை வரிசையாக அடுக்கி, அதைச் சுற்றி அட்டையில் வளைவு வெட்டி ஒட்டினேன். பதிமூன்றையும் வைத்தால் பலகையின் முன்பக்கம் முழுக்கப் பாலமாகவே போய்விடும். ஏழு வைத்தேன். ஆறோ எட்டோ வைக்காததற்குக் காரணம், பதிமூன்றைப் போலவே நட்டநடுவில் ஒரு கண் வர வேண்டும் என்பது. எண்ணிக்கை குறைந்தாலும் முகம் மாறக்கூடாது.

கருங்கல் கட்டுமானத்துக்கு முட்டை அட்டை. முட்டைக்கடையில் முப்பது முட்டை வைக்கும் சாம்பல் நிற அட்டையின் சொரசொரப்பு, கொத்திய கல்லுக்கு அவ்வளவு அருகில் வருகிறது. குழிகளுக்கு இடையிலுள்ள தட்டையான பகுதியையும் ஓரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, 3 மி.மீ. கீற்றுகளாக வெட்டி, பிறகு 4, 5 மி.மீ. துண்டுகளாக நறுக்கினேன். எல்லாத் துண்டும் ஒரே நீளமாக இருந்தால் செங்கல் சுவர்போல ஆகிவிடும். கையால் கொத்திய கல்லில் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருக்கும். ஆனால் வரிசை மட்டும் மட்டம் தப்பாது. அட்டைச் சுவரில் பென்சிலால் வரிசைக்கோடு போட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாக, ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் மூட்டுக்கு நேராக வராமல் ஒட்டினேன். வளைவைச் சுற்றி வரும் கற்களை மட்டும் ஆப்பு வடிவத்தில் வெட்ட வேண்டும். அடி குறுகல், மேல் அகலம், நடு உச்சியில் ஒரு சாவிக்கல். ஒரு வளைவின் ஒரு முகத்துக்கே ஒரு சாயங்காலம் போய்விடும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அட்டைத் துண்டை இடுக்கியில் பிடித்து இடம் பார்க்கும்போதுதான், நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே மூங்கில் சாரத்தில் நின்று நிஜக் கல்லுக்கு இடம் பார்த்தவர்களை நினைக்கிறேன். அவர்களுடைய கல் இரண்டு ஆள் தூக்கும் கல்.

எங்கள் தெருவில் ரயில்வேயில் பாதை பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பாலம் முடியும் நிலையில் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"பாலம் நல்லாத்தான் இருக்கு ஏய்யா. நடுப்பாலத்துல நிக்கையில வண்டி வந்தா ஆளு எங்க ஒதுங்குவான்?"

கேங்மேன்கள் ஒதுங்கி நிற்கப் பாலத்தின் ஓரத்தில் விடும் சின்ன மேடையைச் சொல்கிறார். கூடவே, கல் பாலத்தில் மழைத்தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும், அந்த ஓட்டைக்குக் கீழே கல் எப்போதும் கறுத்து, பாசி பிடித்துக் கிடக்கும் என்றார். காலி பேனா ரீஃபிலில் குழாய் செய்து வளைவுகளுக்கு இடையில் சொருகினேன். அதன் கீழே கறுப்பும் பச்சையுமாகத் தண்ணீர்க் கலவையில் வழியவிட்டேன். ஒதுங்கும் மேடை ஐஸ்கிரீம் குச்சியில் செய்தது. அதில் 15 மி.மீ. உயரத்தில் ஒரு ஆள், கையில் பச்சைக் கொடியோடு நிற்கிறார். அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் சட்டைக்குக் காக்கி நிறம் கொடுத்தேன்.

பெட்டிகள் கல்யாணப் பத்திரிகையில் செய்தவை. வீட்டில் வந்து குவியும் பத்திரிகைகளில் கனமான, பளபளப்பு இல்லாத அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பக்கச் சுவருக்கு இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாகவும் உள் அடுக்கில் சிறிதாகவும் வெட்டினால் ஜன்னல் சட்டம் தானாக வந்துவிடும். ஜன்னல் கம்பிக்குப் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றியிருந்த மெல்லிய செம்புக் கம்பி. கூரைதான் கொஞ்சம் பாடு. அது முழு அரைவட்டம் இல்லை, நடுவில் தட்டையாகி ஓரத்தில் சட்டென்று இறங்கும். இரண்டு அட்டைகளை ஃபெவிகால் தடவி ஈரத்தோடு ஒரு பெரிய பாட்டிலின் மேல் ரப்பர் பேண்டால் கட்டி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் ஓரத்தை மட்டும் பென்சில் வைத்து மடக்கினேன். நிறம் அந்தக் கால மெரூன். பெட்டிக்கு 177 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம்.

எஞ்சின் ஒய்டிஎம்-4. 1961-லிருந்து நம் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த டீசல். அதன் உடம்பும் அட்டைதான். உள்ளே ஓடுவது பழையது வாங்கிய ஆறு அச்சு ‘N’ கேஜ் அமெரிக்க டீசலின் அடிப்பாகம். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போயிற்று. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற எதையும் குப்பையிலிருந்து எடுக்கலாம், மோட்டாரும் சக்கரமும் நன்றாக இருக்க வேண்டும்.

மின்சாரம் எளிது. பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர், மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடும் ஒரு பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டு போர்டு, முன்னே பின்னே ஓட மின் திசையை மாற்றும் ஒரு டிபிடிடி ஸ்விட்ச். சுற்றுப் பாதையில் நான்கு இடங்களில் ஒயர் கொடுத்திருக்கிறேன். ஒரே இடத்தில் கொடுத்தால் தூரப் போகப்போக எஞ்சின் தளரும். கோர்லெஸ் மோட்டார் (உள்ளே சுழலும் சுருளில் இரும்பு இல்லாதது) வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த மலிவு போர்டுகளைப் போட வேண்டாம், சூடேறும்.

மலை, டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல். தின்னர் வாடை வரும் பசையோ ஸ்ப்ரே பெயிண்டோ தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பதால் ஃபெவிகால் மட்டும். மேலே மருந்துக்கடை காஸ் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கிப் போர்த்தினேன். காட்டுக்குப் பழைய சோபா ஸ்பாஞ்சைப் பச்சைப் பெயிண்டில் ஊறவைத்து, காய்ந்தபின் கழித்துப்போட்ட மிக்ஸி ஜாரில் அரைத்தது. நான் எதிர்பாராத அளவுக்கு உதவியது காய்ந்த துளசிக் கதிரும் முருங்கைப் பூங்கொத்தின் காம்பும். கிளை பிரியும் விதம் அப்படியே மரம். ஓடைக்கரை நாணலுக்குப் பூந்துடைப்பம். தென்மலைப் பக்கத்துப் பச்சை ஒரே பச்சை இல்லை. தேக்கு வேறு, ரப்பர் வேறு, மழைக்குப் பிந்தைய புல் வேறு. மூன்று பச்சை கலந்து வைத்திருக்கிறேன், நாலாவது இன்னும் பிடிபடவில்லை.

குகை வாயின் உள்சுவர் பாக்கி. ஸ்டேஷன் ஓடு பாக்கி. அதற்கு முன் நான் செய்ய நினைப்பது பின்னால் தள்ளும் எஞ்சின். அந்த மலையில் ரயிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு எஞ்சின் போடுவார்கள். பின்னால் இருப்பதற்குப் பேங்கர் என்று பெயர். மாதிரியில் இரண்டுக்கும் ஒரே தண்டவாளத்திலிருந்து ஒரே வோல்ட்தான் போகும், ஆனால் இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது. பின்னது வேகமாக இருந்தால் நடுவிலுள்ள அட்டைப் பெட்டிகளை வளைவில் தூக்கி எறிந்துவிடும். முதலில் ஒரு மீட்டரைக் குறித்து இரண்டையும் தனித்தனியே ஓடவிட்டு நேரம் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் எஞ்சினுக்கு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இரண்டை வரிசையாகப் போட்டால் ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறையும், இரண்டு திசைக்கும் சேர்த்து இரண்டு ஜோடி. அது போதுமா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது அடிப்பாகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.