கூட்டக் குறிப்புப் புத்தகம்

இன்று மாலை திருகோணமலை மாவட்டத்தின் உப்புவெளியில் எங்கள் கட்சியின் கிளைக் கூட்டம் நான்கு மணிக்கென்று அறிவிக்கப்பட்டிருந்தது. தலைமையிலிருந்து வரவேண்டியவர் ஆறு மணிவரை வரவில்லை, வரமாட்டார் என்ற தகவலும் வரவில்லை.

காத்திருந்த நேரத்தில் கிளைச் செயலாளர் ஐயாவின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன்.

2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பிறகு, அதற்கான தேர்தலை நடத்தும்படி கட்சித் தலைமை அரசை வலியுறுத்த வேண்டும் என்ற ஒரே தீர்மானம் ஆண்டுதோறும் அதே நீல மையில், அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

வலப்பக்கத்தில் ‘பதில்’ என்றொரு நிரல். ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நேராகக் கோடிட்டிருக்கிறார். ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு வெயிலில் வீடு வீடாக நடந்தவர்கள்தான் இன்றும் வந்திருந்தார்கள். (தேநீர்ச் செலவும் வழக்கம்போல ஐயாவுடையதுதான்.)

கொழும்பில் தலைமையின் குரல் எடுபடவில்லை என்றால் எனக்கு விளங்கும். நான்கே நாடாளுமன்ற ஆசனங்கள் கொண்ட மாவட்டத்திலிருந்து பேசுகிறவர்களிடம் எண்ணிக்கைப் பலம் இல்லை. ஆனால் பதினொரு பேர் காத்திருக்கும் ஒரு கிளைக்குத் தொலைபேசி எடுத்து, “வர முடியவில்லை” என்று சொல்வதற்கு எத்தனை ஆசனங்கள் தேவை?

ஆறரைக்கு ஐயா புத்தகத்தைத் திருப்பி வாங்கினார்.

“தம்பி, இண்டைக்கு என்ன திகதி?”

சொன்னேன். எழுதிவிட்டு, அடிமட்டத்தைத் தேடி எடுத்தார்.