ஒன்றாம் தேதி இல்லாத மாதங்கள்

31 அக்டோபர் 2023, செவ்வாய்

மூன்று மாத நோட்டீஸ் காலம் இன்றோடு முடிந்தது. மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாலை ஆறு மணிக்குள் அலுவலக மின்னஞ்சல் திறக்க மறுத்துவிட்டது. வேலையை விடுவது என்றாலே எல்லோரும் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கோ இந்த மூன்று மாதமும் படிவங்களிலேயே கழிந்தது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும் என்பதால், தனி மருத்துவக் காப்பீட்டை ஆகஸ்டிலேயே எடுத்து வைத்தேன். புதிய பாலிசிகளில் விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும், அதைச் சம்பளம் வரும்போதே கழித்துவிடுவது நல்லது. ஐந்தாண்டு தாண்டியிருப்பதால் கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை அது. அதை வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, பி.எஃப். பணத்தைத் தொடுவதில்லை என்று இருக்கிறேன்.

ஏன் விட்டாய் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருளில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்தும், அதன் முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை. அவருடைய சிக்கல் நான்கைந்து பேரின் கை மாறி, ஜிரா என்னும் வேலைப் பதிவு மென்பொருளில் ஒரு வரிக் குறிப்பாக என்னிடம் வந்து சேரும். நான் திருத்தி அனுப்பியது அவருக்கு உதவியதா என்பது திரும்பி வராது.

6 நவம்பர் 2023, திங்கள்

வேலூர் சத்துவாச்சாரி வீட்டின் முன்னறைதான் இனி அலுவலகம். சென்னை வாடகை மிச்சம். தேவைப்பட்டால் காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரலில் இறங்கலாம், எதிர்த்திசையில் பெங்களூரும் எட்டிவிடும் தூரந்தான். உள்ளூர் வேலைகள், தொலைவிலிருந்து ஒரு வாடிக்கையாளர், வார இறுதியில் வகுப்பு என்று மூன்று வழிகளில் வருமானம் வந்தால் போதும் என்பது என் கணக்கு. “ஒண்ணாந் தேதி ஆனா சம்பளம் வந்துகினு இருந்துது. இனிமே இன்னாடி பண்ணுவ?” என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானது.

25 நவம்பர் 2023, சனி

முதல் உள்ளூர் வேலை, சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு லாட்ஜிலிருந்து வந்திருக்கிறது. அந்தப் பகுதியில் தமிழுக்கு இணையாக வங்காளியில் பெயர்ப்பலகைகள் தொங்குவதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “ரூம் காலியா இருக்குதான்னு தெரிஞ்சா போதும், பில்லு போட்டா போதும்” என்றுதான் உரிமையாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அலுவலகமாக இருந்தால் அந்த ஒரு வாக்கியம் அப்படியே ஜிராவில் ஒரு குறிப்பாகி, யாரோ ஒருவர் நட்சத்திர ஓட்டலுக்கான அட்டவணையை வடிவமைத்திருப்பார். நான் மூன்று மாலை வேளைகளில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். எப்போது புறப்படுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. பரிசோதனை முடிவு ஒரு நாள் தள்ளிப்போனால் அறையும் தள்ளிப்போகும், அறுவைச் சிகிச்சை என்றால் மாதக் கணக்காகும். ஆகவே “வெளியேறும் நாள்” என்ற கட்டத்தைக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும் எந்த மென்பொருளும் இங்கே முதல் நாளே பொய்யைத்தான் வாங்கிச் சேமிக்கும். பலர் அறையிலேயே சமைக்கிறார்கள். கேஸ் அடுப்பு, குக்கர், பாய் ஆகியவற்றுக்குத் தனி வாடகை. நீளமான பைண்டு நோட்டில் அவை அறை எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதப்படுகின்றன, திருப்பிக் கொடுத்ததும் அழிக்கப்படுகின்றன. நோயாளி மருத்துவமனையில் படுத்துவிட்டால் உடன் வந்தவர் மட்டும் அறையில் தங்குவார். பில் யார் பெயரில் என்ற கேள்வி அப்போது எழும். பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களுக்கு வெளிநாட்டினர் தங்குவதைத் தெரிவிக்கும் ஃபார்ம் சி என்னும் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். நோயாளிக்கு மெடிக்கல் விசா, உடன் வருகிறவர்களுக்கு அதற்கான வேறு விசா, ஒரு நோயாளியோடு இருவர் வரை வரலாம். மேசையில் இருக்கும் பையன் பாஸ்போர்ட்டைப் பார்த்து நோட்டில் ஒரு முறையும் இணையத்தில் மறுமுறையும் அதையே எழுதுகிறான். அவனுடைய நள்ளிரவுத் தூக்கம் போவது அங்கேதான். உரிமையாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான அறைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது, ரப்பர் முத்திரை ஒன்று செய்து பழைய பில் புத்தகத்திலேயே குத்திச் சமாளித்திருக்கிறார்கள்.

“மச்சானோட ஃபிரண்டு பதினஞ்சாயிரத்துக்குப் பண்ணித் தரேன்றான்மா” என்றார் உரிமையாளர். நான் விலையைக் குறைக்கவில்லை. அந்தப் பையனின் பாஸ்போர்ட் வேலையை ஒரே முறையாக்கித் தருவேன் என்று சொல்லி, எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன், முன்பணம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூல நிரலின் உரிமை என்னுடையது என்ற வரியையும் அதில் சேர்த்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

9 டிசம்பர் 2023, சனி

நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு தொடங்கிவிட்டது. குடியாத்தத்திலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள். எல்லோரும் பைத்தான் என்னும் நிரல் மொழியை எங்கோ ஒரு செமஸ்டரில் “படித்திருக்கிறார்கள்”. ஆகவே இன்று பாடப் புத்தகத்தைத் திறக்காமல், “தமிழ்” என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டேன். மூன்று என்றார்கள். பைத்தானைக் கேட்கச் சொன்னேன். அது ஐந்து என்றது. கணினியின் சேமிப்பு அலகான பைட் கணக்கில் கேட்டால் பதினைந்து. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால், புள்ளி எந்த எழுத்தின் மேலும் உட்காராமல் வெறும் வட்டத்தின் மேல் முன்னால் வந்து நின்றது.

வகுப்பு சட்டென்று விழித்துக்கொண்டது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறை ஐந்து குறிகளாக வைப்பதையும், அவற்றைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாவதையும் பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். பின் வரிசையில் இருந்த ஒரு பெண், “அப்போ பேரு இருபது எழுத்துக்குள்ள எழுதணும்னு ஒரு ஃபார்ம் சொன்னா, நாம தமிழ்ல எழுதறப்போ அது நம்ம பேர நடுவுல வெட்டிடுமா மேடம்?” என்று கேட்டாள். வெட்டும். ஒற்றின் புள்ளியைத் தொலைத்து, பெயரையே வேறாக்கியும் விடும். அன்றைய பாடம் அந்தக் கேள்விதான். மீதி நேரம் முழுவதும் பெயரைக் கெடுக்காமல் வெட்டும் நிரலை அவர்களே எழுதினார்கள். பதிலைக் கேட்பதற்கு முன்பே, படிவத்தின் முன்னால் பேனாவோடு நிற்கும் ஒருவரை அவள் நினைத்துப் பார்த்துவிட்டாள். நிரல் எழுதுவதை எவருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

21 ஜனவரி 2024, ஞாயிறு

ஓர் அச்சகத்தார் பல வருடத்துக் கோயில் நன்கொடையாளர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தனையும் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. எழுத்துருவை நீக்கினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். இதை வகுப்பிலேயே செய்தோம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பவை: “கொ” என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலி வரிசையில் மெய்யை முதலில் வைக்கிறது. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். இதுவரை சுலபம்.

சிக்கல் கௌரி அம்மாள் பெயரில் வந்தது. பழைய முறையில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே குறி. “கௌரி”யில் வருவது எது, “தெளிவு” என்பதில் வருவது எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அடுத்து ஒரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரம், இல்லையென்றால் ஔகாரம் என்று வாலாஜா மாணவன் ஒரு விதி சொன்னான். கௌசல்யா, சௌந்தர், தெள்ளாறு, வெளியூர் என்று எதைப் போட்டாலும் விதி தாங்கியது. இருந்தாலும் முழுப் பட்டியலையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தோம். பெயர் பிழையாக அச்சானால் திருவிழா நாளில் சண்டைக்கு வருகிறவர்கள் அச்சகத்தாரிடந்தான் வருவார்கள். வந்த கூலியில் மாணவர்களுக்கும் பங்கு கொடுத்தேன்.

10 பிப்ரவரி 2024, சனி

சேர்க்கை விசாரிக்க வந்த ஒரு தகப்பனார், “வேலை வாங்கித் தருவீங்களா?” என்று நேராகவே கேட்டார். தரமாட்டேன் என்றேன். ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று பலகை வைத்திருக்கும்போது இந்தப் பதில் வியாபாரத்துக்கு ஆகாது. நான் தரக்கூடியது, மூன்று மாதத்தில் உண்மையான ஒருவருக்கு உண்மையான ஒரு வேலையை முடித்துக் கொடுத்த அனுபவம், அவ்வளவே. அவர் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. பலகை வைக்கிறவர்களைவிட, அந்தப் பலகையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத வீடுகளை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

15 மார்ச் 2024, வெள்ளி

முன்கூட்டிய வரி கட்டக் கடைசி நாள். சம்பளக்காரியாக இருந்தவரை வரி என்பது என் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடும் பணம். இப்போது அதை நானே கணக்கிட்டு, நானே கட்ட வேண்டியிருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏ.டி.ஏ. பிரிவின்படி தொழில்முறை வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டலாம், அப்படிக் காட்டுகிறவர்கள் முழு வரியையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம் என்று ஆடிட்டர் விளக்கினார். வகுப்புக் கட்டணம் இதில் சேருமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். ஆண்டு வரவு 20 லட்சம் ஆகும்வரை ஜி.எஸ்.டி. கவலை இல்லை. அந்தக் கவலை வரட்டும் என்றுதான் அம்மா வேண்டிக்கொள்கிறார்.

28 மார்ச் 2024, வியாழன்

இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் நிறுவனம் ஒன்றுக்கு டிசம்பரில் இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். பில்லைப் பற்றி எப்போது கேட்டாலும் “அடுத்த வாரம் பாக்கலாம்மா” என்பார் கணக்காளர். இன்று அவரே அழைத்து, பரபரப்பாக, சிறு தொழில்களுக்கான என்னுடைய உத்யம் பதிவு எண்ணைக் கேட்டார். பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராமல் ஆண்டுக் கணக்கை முடித்தால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க விடுவதில்லை என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவின்கீழ் சேர்த்த விதி இந்த ஆண்டுக் கணக்கிலிருந்துதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாலைக்குள் முழுத் தொகையும் வந்துவிட்டது. நான் பணிவாக அனுப்பிய நினைவூட்டல்கள் சாதிக்காததை ஒரு சட்ட உட்பிரிவு ஒரே பிற்பகலில் சாதித்தது. தனியாகத் தொழில் செய்கிறவர்கள் செலவே இல்லாத அந்தப் பதிவை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

18 மே 2024, சனி

வெயில் கொளுத்துகிறது; வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றிவிட்டேன். லாட்ஜ் மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. பாஸ்போர்ட் விவரங்களை ஒரு முறை அடித்தால் ஃபார்ம் சி-க்கு வேண்டிய வரிசையில் பக்கத்தில் வந்து நிற்கிறது, அடுப்பும் குக்கரும் பென்சில் இல்லாமல் பில்லில் ஏறுகின்றன. வெளியேறும் நாள் என்ற கட்டம் கடைசிவரை காலியாகவே இருக்கலாம்.

நேற்று அடுத்த சந்து லாட்ஜ்காரரை உரிமையாளர் அழைத்து வந்திருந்தார். “அதே சாஃப்ட்வேர்தானேம்மா, காப்பி பண்ணித்தான குடுக்கப் போற? பாதி ரேட்டுக்குக் குடு” என்றார் புதியவர். உங்கள் லாட்ஜில் சாப்பாடு உண்டா, அறைக்கா ஆளுக்கா வாடகை, இரவு மேசையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். திங்கள் இரவு அந்த மேசைக்குப் பின்னால் வாலாஜா மாணவன் உட்காரப் போகிறான். முன்பணத்தில் அவனுக்கு எவ்வளவு என்பதை இப்போதே பேசி எழுதிக்கொண்டோம். விலையைப் பற்றி அவன் பார்த்துவிட்டு வந்த பிறகு பேசலாம் என்று புதியவரிடம் சொல்லியிருக்கிறேன்.